ரோஸ்மேரியும் மருக்கொழுந்தும் ஒன்றுதானா? கோத்தகிரித் தொட்டிச் செடி குறித்துச் சில ஐயங்கள்

வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் கோத்தகிரிக்குப் போய்வந்த என் மகள், அங்கே ஒரு நர்சரியில் வாங்கிய ரோஸ்மேரிச் செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டாள். செடியை விற்றவர், "இது நம்ம மருக்கொழுந்துதானுங்க, சித்தர்களே பாடி வெச்ச மூலிகை" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். சிறு வயதிலிருந்து தலையில் வைத்துப் பழகிய மருக்கொழுந்தின் மணம் எனக்கு நன்றாகவே தெரியும். இந்த இலையைக் கசக்கினால் அந்த மணம் வரவில்லை. ஊட்டித் தைலப் புட்டியைத் திறந்தது போன்ற நெடிதான் ஏறுகிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவினால் உதிர்ந்த முடியெல்லாம் திரும்ப முளைக்கும் என்கிறார் நாத்தனார். கறி வறுவலில் போடச் சொல்கிறான் பக்கத்து வீட்டுத் தம்பி. பரீட்சைக்குப் படிக்கும் பேரனுக்குத் தேநீராகக் கொடுத்தால் ஞாபகசக்தி கூடும் என்கிறார் இன்னொருவர். செடியோ யார் பேச்சையும் கேட்காமல் அடியிலிருந்து இலை கருகிக்கொண்டு வருகிறது. இது உண்மையில் என்ன செடி, எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மூலிகைப்பெட்டி (கோவை, சித்த மருத்துவர்)

அக்கா, உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. மருக்கொழுந்து என்று நாம் பூச்சரத்தில் வைத்துக் கட்டுவது சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஆர்டிமீசியா வகைச் செடி. மரு என்பது வேறொன்று. மேலைநாட்டுச் சமையலில் மார்ஜோரம் என்று சொல்லப்படுவது அதுதான், அது துளசிக் குடும்பம். இந்த இரண்டையுமே பூக்கடைகளில் மாற்றி மாற்றிச் சொல்வதுண்டு. இப்போது மூன்றாவதாக ரோஸ்மேரியும் அந்தக் குழப்பத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. துளசி, புதினா, கற்பூரவள்ளி, தும்பை ஆகியவை இருக்கும் குடும்பத்தில்தான் ரோஸ்மேரியும் இருக்கிறது. ஆகவே மருவுக்கு அது உறவு. மருக்கொழுந்துக்கு உறவே கிடையாது.

சித்தர்கள் பாடினார்கள் என்பதைப் பொறுத்தவரை, தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், மொராக்கோ, துனிசியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள பாறைச் சரிவுகளில் தானாக வளரும் புதர் இது. மூலிகைகளின் குணத்தைச் சொல்லும் நம்முடைய சித்த மருத்துவ நூலான குணபாடம், ஒரு மூலிகைக்குச் சுவை, தன்மை, பிரிவு (செரித்தபின் மாறும் சுவை) ஆகியவற்றை வரையறுத்துச் சொன்ன பிறகுதான் நாங்கள் அதைச் சித்த மருந்தாகக் கொடுக்கிறோம். அத்தகைய வரையறை பெற்ற சரக்கு அல்ல ரோஸ்மேரி.

அதற்கு அதன் சொந்த ஊரிலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயாஸ்கரிடீஸ் அதைக் குறித்து எழுதினார். ஏறத்தாழ 800ஆம் ஆண்டில், பேரரசர் சார்லமேனின் காலத்தில், அரசத் தோட்டங்களில் வளர்க்க வேண்டிய செடிகளின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. அதில் ரோஸ்மேரி இருக்கிறது. 'ஹங்கேரி நீர்' என்று பெயர்பெற்ற வாசனைத் திரவம் ரோஸ்மேரியைச் சாராயத்தோடு வாலையில் வடித்து இறக்கியதுதான். ஐரோப்பாவில் அதைப் பூசினார்கள், குடித்தார்கள், குளிக்கும் நீரிலும் கலந்தார்கள். நோயாளியின் அறையில் ரோஸ்மேரியைக் கொளுத்திப் புகை போடுவது, நம் வீடுகளில் சாம்பிராணி போடுவதைப் போல அவர்களுக்குப் பழக்கமாக இருந்தது. இத்தனை இருக்கும்போது இங்கிருந்து இரவல் பெருமை எதற்கு?

சுக்காங்காடு (தாராபுரம்)

அக்கா, ஒரே ஒரு கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்)

காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. வாய்க்கால் ஓரத்து வண்டல் மண்ணோடு மண்புழு உரம் கலந்து பெரிய தொட்டிக்கு மாற்றியும் வைத்தேன். மலைக்குளிரில் வளர்ந்தது நம் ஊர் வெயிலுக்கு வாடிவிடக் கூடாதே என்று நிழலில்தான் வைத்திருக்கிறேன்.

சுக்காங்காடு (தாராபுரம்)

அப்படியானால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. நெல்லுக்குச் செய்வதை நீங்கள் கொள்ளுக்குச் செய்திருக்கிறீர்கள்.

ரோஸ்மேரியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறம் தோல்போல் தடித்து, ஓரங்கள் கீழே சுருண்டு, அடிப்புறம் வெண்மையான மென்மயிர் படர்ந்திருக்கும். நீர் ஆவியாகிப் போகாமல் காத்துக்கொள்வதற்காக அமைந்த இலை அது. மத்தியதரைக் கடல் நாடுகளில் கோடை என்றால் மழையே இல்லாத வறட்சி. அங்கே சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வேரோடி நிற்கும் செடிக்கு வேர்ப்பகுதியில் காற்றோட்டம் வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. கோபியின் வண்டல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதில் இரண்டு வேளைத் தண்ணீரும் நிழலும் சேர்ந்தால் வேர் அழுகாமல் என்ன செய்யும்? வேர் அழுகினாலும் இலை காய்ந்ததுபோலத்தான் தெரியும். அதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுவோம். நானும் முதல் இரண்டு செடிகளை இப்படித்தான் கொன்றேன்.

தாராபுரம், காங்கேயம், மூலனூர்ப் பக்கத்து மேட்டாங்காடுகளில் உழவனுக்குத் தலைவலியாக இருக்கும், சுண்ணாம்பு கலந்த சுக்கான்கல் மண் இந்தச் செடிக்குப் பிடித்தமானது. செம்மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, உடைத்த சுக்கான்கல் அரைப் பங்கு என்று கலந்து மண்தொட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள். காலை வெயில் நன்றாகப் படட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் என் செடிகள் தெம்பாக நிற்கின்றன. ஐப்பசி அடைமழையில்தான் திண்ணைக்குத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் வளர்ச்சி நின்றுவிடும், ஆனால் சாகாது.

கேத்தி மேடு (நீலகிரி)

தாராபுரத்து நண்பர் சொன்னது முற்றிலும் சரி. மலையிலும் நாங்கள் இதைச் சரிவான, வடிகால் உள்ள நிலத்தில்தான் போடுகிறோம். நீலகிரியில் சிறு விவசாயிகள் பலர் தைம் என்ற வாசனைச் செடியோடு ரோஸ்மேரியையும் பயிரிடுகிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி ஆராய்ச்சி நிலையம் இதற்கென்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் அட்டவணையில் உள்ள 52 பொருள்களில், மிளகு, ஏலம், மஞ்சளோடு ரோஸ்மேரியும் ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அக்காவின் செடியில் நுனிப்பகுதி இன்னும் பச்சையாக இருந்தால் அதைக் காப்பாற்றுவதைவிட அதிலிருந்து புதுச் செடி எடுப்பதே மேல். பூக்காத இளங்கிளையைக் கணுவுக்குக் கீழே நான்கு அல்லது ஐந்து அங்குல நீளத்தில் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈரமணலில் நட்டு நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதம் ஆகும். அதற்குள் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது. விதை போட்டு முளைக்க வைக்கலாம் என்று இறங்காதீர்கள். முளைப்பது குறைவு, வளர்வதும் மெதுவு. வளர்ந்த செடியைக் கவாத்து செய்யும்போது இலையுள்ள பகுதியில் மட்டும் வெட்டுங்கள். இலையற்ற பழைய கட்டைவரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

இலையைக் காயவைப்பதற்குக் கிளையோடு கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டாலே போதும். கொத்துமல்லியும் புதினாவும் காய்ந்தால் மணம் போய்விடும். இது காய்ந்த பிறகும் மணத்தை விடாது.

வேதியியல் வாத்தியார் (பீளமேடு)

மணத்தைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால் நானும் நுழைகிறேன். அக்கா ஊட்டித் தைலம் என்று சொன்னது வெறும் ஒப்புமை அல்ல. யூகலிப்டஸ் தைலத்தில் முதன்மையாக இருக்கும் சினியோல் என்ற பொருள் ரோஸ்மேரி எண்ணெயிலும் இருக்கிறது. அதோடு கற்பூரம், பைன் மரத்துக்கு மணம் தரும் பைனீன், போர்னியால் ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன. மொராக்கோ, துனிசியாவில் விளைவதில் சினியோல் மிகுதி. ஸ்பெயின் செடியில் கற்பூரம் தூக்கலாக இருக்கும். கோர்சிகாத் தீவில் வெர்பினோன் மிகுந்த வகை உண்டு. செடி ஒன்றே என்றாலும் இடத்துக்கு இடம் எண்ணெயின் கலவை மாறுவதால், 'ரோஸ்மேரி எண்ணெய்' என்று ஒட்டியிருக்கும் இரண்டு புட்டிகள் ஒன்றுபோல் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதில் ரோஜாவும் இல்லை, மேரியும் இல்லை. இலத்தீனில் 'ரோஸ்' என்றால் பனித்துளி, 'மரினுஸ்' என்றால் கடலைச் சார்ந்தது. கன்னி மரியாள் தன் நீல மேலாடையை இந்தப் புதர்மேல் விரித்ததால் வெள்ளைப் பூக்கள் நீலமாயின என்ற கதை, ஒலியொற்றுமையை வைத்துப் பின்னால் கட்டியதாகவே எனக்குப் படுகிறது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு ரோஸ்மரினுஸ் அஃபிசினாலிஸ் என்று பெயரிட்டார். மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017இல் இதைச் சால்வியா பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். இப்போது சால்வியா ரோஸ்மரினுஸ். கடைகளில் உடல் இளைப்பதற்கென்று விற்கிறார்களே, அந்தச் சியா விதையும் ஒரு சால்வியாதான். அந்தச் சியாவையும் நம் சப்ஜாவையும் ஒன்றென்று சொல்லி விற்கும் கடைகளைப் பார்க்கும்போது, கோத்தகிரி நர்சரிக்காரரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. சப்ஜா நம்முடைய திருநீற்றுப்பச்சிலையின் விதை.

பழையசோறு (பெருந்துறை)

எல்லாம் சரி. கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் இருக்கும் ஊரில் இந்தத் தைல இலைக்கு என்ன வேலை? நம் சமையலுக்கு இது தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அடுப்படி (ஈரோடு, விருந்துச் சமையல்)

அண்ணா, நம் குழம்புக்கு இது தேவையில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பள்ளிபாளையம் சிக்கனில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன். சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் சேர்ந்து உண்டாக்கும் ஒரு மணம் இருக்கிறதே, அதற்குள் இது போய் நின்றுகொண்டு மற்ற எதையும் பேசவிடவில்லை. கொள்ளுப் பருப்புக் கடைசலிலும் முயன்றேன். சளிக்குக் கஷாயம் வைத்தீர்களா என்று வீட்டில் கேட்டார்கள்.

ஆனால் நெருப்பில் வாட்டுகிற, ஓவனில் வேகவைக்கிற பண்டங்களில் இதன் வேலை வேறு. இத்தாலியில் ஆட்டுக்கறியோடும் உருளைக்கிழங்கோடும் ரொட்டியோடும் இதைச் சேர்க்கிறார்கள். தஸ்கனிப் பகுதியில் கொண்டைக்கடலையோடு பூண்டும் ரோஸ்மேரியும் போட்டு வேகவைப்பது வழக்கம். இதன் மணப்பொருள்கள் கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆகவே கொத்துமல்லியைப் போலக் கடைசியில் தூவினால் பயனில்லை. தொடக்கத்திலேயே எண்ணெயிலோ நெய்யிலோ மிதமான சூட்டில் போட்டு, மணத்தை எண்ணெயில் இறக்கிவிட வேண்டும். இலை எவ்வளவு வெந்தாலும் பல்லில் ஊசிபோல் குத்தும் என்பதால், பொடியாக அரிய வேண்டும் அல்லது கிளையோடு போட்டுப் பரிமாறும்முன் எடுத்துவிட வேண்டும்.

விருந்துகளில் நான் செய்வது இதுதான். அரைக்கிலோ சின்ன உருளைக்கிழங்கை முக்கால் வேக்காட்டில் எடுத்துத் தோலோடு நசுக்கி, செக்குக் கடலை எண்ணெயில் விரல் நீளக் கிளை இரண்டும் தட்டிய பூண்டு ஆறு பல்லும் போட்டு, மொறுமொறுப்பாக வரும்வரை வறுத்து, உப்பும் மிளகும் மட்டும் சேர்க்கிறேன். மஞ்சள்தூள் கிடையாது, ஈரோட்டுக்காரன் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும். வெள்ளாட்டுத் தொடைக்கறிக்கு எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகு, அரிந்த ரோஸ்மேரி தடவி இரவு முழுவதும் ஊறவைத்துக் கரியடுப்பில் வாட்டினால், கவுச்சி அடங்கிவிடுகிறது. காய்ந்த இலையானால் பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்கு போதும். அளவு தாண்டினால் தைலம்தான்.

பழையசோறு (பெருந்துறை)

மஞ்சள் இல்லாத வறுவல் என்று சொன்னபோதே பாதி நம்பிக்கை போய்விட்டது. இருந்தாலும் செய்து பார்க்கிறேன்.

வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்)

சமையல் விளங்கிவிட்டது. முடி வளர்வதைப் பற்றியும் ஞாபகசக்தியைப் பற்றியும் யாரும் வாய் திறக்கவில்லையே? நாத்தனார் ஏற்கெனவே ஒரு கண்காட்சியில் சின்னப் புட்டி ஒன்றைப் பெரிய விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். அது தலையில் தேய்த்தால் எரிகிறதாம்.

மூலிகைப்பெட்டி (கோவை, சித்த மருத்துவர்)

முதலில் அந்தப் புட்டியை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள், அக்கா. இலையை நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெய் மிகச் செறிவானது; அதை நேராகத் தோலில் தடவக் கூடாது. ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு, மூன்று சொட்டு என்ற அளவில் கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளுக்குக் குடிக்கவே கூடாது. கற்பூரச் சத்து இருப்பதால் வலிப்பு நோய் உள்ளவர்கள், கருவுற்றிருக்கும் பெண்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு அந்த எண்ணெய் ஆகாது.

முடியைப் பற்றி இணையத்தில் பரவும் செய்திகளுக்கெல்லாம் வேராக இருப்பது 2015இல் ஈரான் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு. ஆண்களுக்குப் பரம்பரையாக வரும் வழுக்கை கொண்ட 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி எண்ணெயும் மறு பாதிக்கு முடி வளர்வதற்கான மருந்தான மினாக்சிடிலை 2 விழுக்காடு அளவிலும் ஆறு மாதம் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் இரு தரப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆறாம் மாதத்தில் இரு தரப்பிலும் முடி எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் கூடியிருந்தது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மருந்தே இல்லாத வெறும் எண்ணெய் தடவிய மூன்றாம் தரப்பு ஒன்று அதில் இல்லை என்பதையும், அதில் பெண்கள் இல்லை என்பதையும் மறந்துவிட்டுத்தான் புட்டி விற்கிறார்கள். அதற்கு முன் 1998இல் ஸ்காட்லாந்தில், புழுவெட்டு கண்ட 86 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அதில் தைம், ரோஸ்மேரி, லாவெண்டர், தேவதாரு ஆகிய நான்கு எண்ணெய்களையும் கலந்து தேய்த்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கும், வெறும் எண்ணெய் தேய்த்தவர்களில் 15 விழுக்காட்டினருக்கும் முன்னேற்றம் தெரிந்தது. நான்கில் எது வேலை செய்தது என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? என்னிடம் வருபவர்களுக்கு முதலில் இரத்தச் சோகையும் தைராய்டும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறேன். பெண்களின் முடியுதிர்வில் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

மருந்தாக ஐரோப்பிய மருந்து முகமை இதற்கு ஒப்புக்கொண்டிருப்பது சிறிதளவுதான். செரியாமைக்கும், வயிற்றில் லேசாக இழுத்துப் பிடிப்பதற்கும் தேநீராகக் குடிக்கலாம். தசைவலி, மூட்டுவலிக்கு வெளிப்பூச்சாகவோ குளிக்கும் நீரிலோ பயன்படுத்தலாம். அதையும் நீண்டகாலப் பழக்கத்தின் அடிப்படையில்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று அல்லது இரண்டு கிராம் இலையைக் கொதித்த நீர் 150 மில்லியில் போட்டு மூடிவைத்து வடிகட்ட வேண்டும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டால் மணம் முழுவதும் சமையலறைக்குத்தான் போகும், உங்கள் வயிற்றுக்குப் போகாது. பித்தப்பைக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது; தேயிலையைப் போலவே இதுவும் காய்கறி, கீரையிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும்.

வேதியியல் வாத்தியார் (பீளமேடு)

ஞாபகசக்தியைப் பற்றி நான் சொல்கிறேன். ரோஸ்மேரிக்கும் நினைவுக்கும் ஐரோப்பாவில் நெடுங்காலத் தொடர்பு உண்டு. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியில் இறந்தவர்களின் நினைவாக ஆஸ்திரேலியர்கள் ஏப்ரல் 25 அன்று இன்றும் ஒரு கிளையைச் சட்டையில் செருகிக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் நார்தம்பிரியா பல்கலைக்கழகத்தினர் 2003இல் 144 பேரை வைத்து மணத்தின் விளைவைச் சோதித்தார்கள். ரோஸ்மேரி மணம் பரவிய அறையில் இருந்தவர்களுக்கு நினைவின் தரம் சற்றுக் கூடியது; ஆனால் நினைவுகூரும் வேகம் குறைந்தது. மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்க வேண்டிய பேரனுக்கு இது இலாபமா நட்டமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

செக்கடி (வெள்ளகோவில்)

நான் மரச்செக்கு வைத்திருக்கிறேன். ரோஸ்மேரி போட்டால் எண்ணெய் காறாது என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். கடலை எண்ணெய் டின்னில் பத்து இலையைப் போட்டுவைத்தால் போதுமா? வாத்தியார் ஐயா விளக்கினால் நல்லது.

வேதியியல் வாத்தியார் (பீளமேடு)

செய்தி உண்மை, வழிமுறை தவறு. ரோஸ்மேரியில் கார்னோசிக் அமிலம், கார்னோசால் என்று எண்ணெயில் கரையும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடும் வினையை அவை தடுக்கின்றன. இந்தப் பொருள்களைப் பிரித்தெடுத்து, மணத்தை நீக்கிய சாற்றை ஐரோப்பிய ஒன்றியம் இ392 என்ற எண்ணில் உணவுச் சேர்பொருளாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ரோஸ்மேரிக்கு உலகச் சந்தையில் இன்று இருக்கும் மதிப்பில் சமையலறையைவிட இந்தச் சாற்றுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ஆனால் பச்சை இலையை டின்னில் போடுவது ஆபத்து. இலையிலுள்ள ஈரம் எண்ணெய்க்குள் போகும். காற்றுப் புகாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் பொட்டுலிசம் என்னும் நோய்க்குக் காரணமான கொடிய நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரக்கூடும். பூண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வீட்டில் மணமூட்டிய எண்ணெய் வேண்டுமானால் நன்கு காய்ந்த இலையைப் போட்டு, குளிர்பெட்டியில் வைத்து, சில நாள்களில் தீர்த்துவிட வேண்டும். உங்கள் எண்ணெய் காறாமல் இருக்க, வெயில் படாத இடமும் கழுத்துவரை நிறைத்த டின்னும் போதும்.

செக்கடி (வெள்ளகோவில்)

நன்றிங்க ஐயா. நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருந்தேன்.

வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்)

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். தாய்ச்செடி போய்விட்டது; தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர் கறுத்துக் கொழகொழவென்று இருந்தது. கேத்தி நண்பர் சொன்னபடி ஆறு கிளைகளை மணலில் நட்டேன், நான்கு துளிர்விட்டிருக்கின்றன. நம்பியூர்ப் பக்கம் உறவினர் காட்டிலிருந்து ஒரு பை சுக்கான்கல் கொண்டுவந்து உடைத்து வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் செடிக்கு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். நாத்தனார் புட்டியைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவிக்கொண்டிருக்கிறார், எரிச்சல் இல்லையாம். முடியைப் பற்றி ஆறு மாதம் கழித்துத்தான் பேசுவது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். காய்ந்த கிளை இரண்டைப் போட்டு உருளைக்கிழங்கும் செய்தேன். நன்றாகவே இருந்தது, ஆனால் என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்துபோய் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தூவிக்கொண்டார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த நான்கு செடிகளையும் ஐப்பசி மழைக்கு முன்பே தொட்டிக்கு மாற்றலாமா, அல்லது தை பிறக்கட்டும் என்று காத்திருக்கலாமா?

சுக்காங்காடு (தாராபுரம்)

தை பிறக்கட்டும், அக்கா. அதுவரை மணலிலேயே, திண்ணையிலேயே இருக்கட்டும். தண்ணீர்ச் சொம்பை மட்டும் வேறு யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.